முயலுக்கு மருந்து கொடுக்கும் முன் புழுக்கையைப் பாருங்கள்

காலையில் எழுந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது எங்கள் வீட்டு முயலின் புழுக்கையை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். ஆடு மேய்த்தவர் அவர். புழுக்கையைக் காலால் புரட்டிப் பார்த்தே எந்தக் குட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வார். முயலுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

நன்றாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். எல்லாம் ஒரே அளவு. கறுப்புக் கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் சின்னது. விரலால் நசுக்கினால் பொடித்த வைக்கோல் மாதிரி உதிரும், நாற்றம் இருக்காது. மிளகு அளவுக்குச் சிறுத்துப்போனாலோ, முடியில் கோத்த பாசிமணி மாதிரி வரிசையாக வந்தாலோ, புழுக்கைத் தட்டு காலியாகவே இருந்தாலோ உள்ளே ஏதோ சரியில்லை. முயல் வலியை வெளியே காட்டாது. நரிக்கும் பருந்துக்கும் பயந்து வாழ்ந்த பிராணி அது. நோயைக் காட்டிக்கொண்டால் முதலில் மாட்டுவது அதுதான். ஆகவே மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். நீங்கள் தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். புழுக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

முயலுக்கு என்ன மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் இந்தப் புழுக்கை உருவாகும் இடத்தில் இருந்துதான் தொடங்குகிறது.

வயிற்றுக்குள் ஒரு மாவுப் பானை

நமக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பை இருக்கிறது. குருட்டுக்குடல் என்பார்கள், மருத்துவர்கள் வாயில் அது ‘சீக்கம்’. முயலுக்கு அந்தப் பை பெரியது, வயிற்றின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். செரிமானப் பாதையில் இருக்கும் மொத்தப் பொருளில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஒரு பைக்குள்தான் கிடக்கிறது.

அதற்குள் நடப்பது இட்லி மாவு புளிக்கிற வேலை. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. புல் குடலுக்குள் வந்ததும் முயலின் உடம்பு ஒரு சல்லடை வேலை செய்கிறது. நீளமான நார் நேராக வெளியே போய் உருண்டைப் புழுக்கையாகிறது. பொடியான பகுதி திரும்பவும் பானைக்குள் தள்ளப்பட்டுப் புளிக்கிறது. புளித்தது சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, பளபளப்பாக, மெத்தென்று, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி வெளியே வரும். முயல் அதைத் தரையில் விழ விடாது. குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். பி வகை வைட்டமின்களும் புரதமும் அதில் இருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டு ‘சீ’ என்று விரட்டுபவர்கள் உண்டு. விரட்டாதீர்கள், அது அதன் இரண்டாவது சாப்பாடு.

மாவு புளிக்கிற பானைக்குள் தெரியாத்தனமாக எதையோ ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? ஊசிப்போகும். முயலுக்குத் தவறான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நடப்பது இதுதான்.

என் சித்தி மகள் ஒரு வெள்ளை முயல் வளர்த்தாள். ஒரு மழைக்காலத்தில் அது தும்ம ஆரம்பித்தது. மூக்கு ஈரமாக இருந்தது, முன்னங்கால்களின் உள்பக்கம் முடி ஒட்டிக் கிடந்தது. பக்கத்து மருந்துக்கடையில் கேட்டாள். “குழந்தைக்குக் கொடுக்கிறதுதானேம்மா, பாதி அளவு கொடுங்க” என்று ரோஸ் நிற சிரப் பாட்டிலைக் கொடுத்தார்கள். அமாக்ஸிசிலின். இனிப்பும் பழ வாசனையுமாக இருந்ததால் முயல் சிரிஞ்சை நக்கி நக்கிக் குடித்தது. மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்து, “தும்மல் நின்னுடுச்சுக்கா” என்றாள். அவள் சொன்னது உண்மைதான், மருந்து மூக்கில் வேலை செய்திருந்தது. அன்று சாயங்காலம் புழுக்கை நின்றது. நான்காம் நாள் பின்பக்கம் முழுக்க நனைந்து, தண்ணீராகப் போனது. ஐந்தாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தபோது உடம்பு விறைத்திருந்தது. பாட்டிலில் பாதிக்குமேல் மருந்து மிச்சம் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அமாக்ஸிசிலின் பானையில் இருந்த நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றது. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் ஸ்பைரோஃபார்மே என்ற கெட்ட நுண்ணுயிர் பெருகியது. அது விடும் நச்சு குடலைப் புண்ணாக்கி ரத்தத்தில் கலந்தது. அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிழைப்பது அரிது.

முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாத ஆன்டிபயாட்டிக்குகள்: பென்சிலின், அதன் உறவுகளான அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரைகள், செஃபலெக்சின் போன்ற செஃபாலோஸ்போரின் வகை, கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின். நம் வீட்டு மருந்து டப்பாவில் இந்த நேரத்தில் இதில் ஒன்றாவது இருக்கும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘பென்சிலின் ஆகாது என்றார்கள், எங்கள் டாக்டர் பென்சிலின் ஊசி போட்டாரே’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். தோலுக்கடியில் போடும் சில பென்சிலின் ஊசிகள் பானைக்குள் அதிகம் போய்ச் சேராமல் வேலை செய்யும். சீழ்க்கட்டிக்கும், முயல்களுக்கு வரும் சிபிலிஸ் நோய்க்கும் அந்த ஊசி போடுவது வழக்கம். மருந்தின் பெயர் ஒன்றுதான். போகும் வழி மாறினால் கதையே மாறிவிடும்.

முயல் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர்கள் வாய்வழியாக எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, மெட்ரோனிடசோல் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். இந்தப் பெயர்களைச் சொல்வது, சீட்டில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ள. போய் வாங்கிக் கொடுக்க இல்லை. சரியான மருந்தானாலும் அது கொடுக்கும் நாட்களில் புழுக்கையை எண்ணிக்கொண்டே இருங்கள். இளகினால் அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

‘பாதி கொடுங்க’ என்ற கணக்கு

குழந்தைக்கு ஒரு ஸ்பூன் என்றால் முயலுக்குக் கால் ஸ்பூன், நாய்க்கு ஒரு மாத்திரை என்றால் முயலுக்குக் கால் மாத்திரை. இந்தக் கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. முயலின் உடம்பு இதற்குக் கட்டுப்படாது.

வலிக்குக் கொடுக்கும் மெலாக்சிகாமை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்குத் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. முயலின் உடம்பு இந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் முயலுக்கு மருத்துவர்கள் எழுதுவது அதைப்போலப் பல மடங்கு. நாயைவிடக் குறைவாகத்தான் கொடுக்கவேண்டும் என்று நீங்களாகக் குறைத்தால் முயல் வலியிலேயே கிடக்கும். ஆனால் அதே மருந்தை உடம்பில் நீர் வற்றிப்போன முயலுக்குக் கொடுத்தால் சிறுநீரகம் அடிவாங்கும். இன்னொரு வம்பு, சிரப்பின் செறிவு. கடையில் இருக்கும் மெலாக்சிகாம் திரவங்களில் 1 மி.லி.க்குள் 0.5 மி.கி. இருப்பதும் உண்டு, 1.5 மி.கி. இருப்பதும் உண்டு. ‘போன தடவை அரை மி.லி. கொடுத்தோம்’ என்று வேறு பாட்டிலில் அதே அரை மி.லி. எடுத்தால் மூன்று மடங்கு உள்ளே போகும். சீட்டில் மி.லி. மட்டும் இருந்தால் மி.கி. எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முயலின் எடையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு 200 கிராம் குறைவது நமக்கு ஆறேழு கிலோ இளைப்பதற்குச் சமம்.

முயல் ஒரு குட்டி நாய் இல்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. மயக்க மருந்து கொடுக்கும்போது இதயம் மெதுவாகாமல் இருக்க அட்ரோபின் போடுவார்கள். பல முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினை உடைத்துப்போடும் நொதி ஒன்று இருக்கிறது. ஊசி போட்டாலும் போட்ட மாதிரியே இருக்காது. விவரம் தெரிந்த மருத்துவர் அதற்குப் பதில் வேறு மருந்து எடுப்பார்.

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் வீட்டில் இருந்து எடுத்துக் கொடுக்கவேண்டாம். அடுத்தது ஸ்டீராய்டு. முயலுக்கு ஸ்டீராய்டு ஆகவே ஆகாது, கொஞ்சம் போனாலும் நோய் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். மாத்திரையாகக் கொடுத்தால்தான் ஆபத்து என்றில்லை. அரிப்புக்கும் படர்தாமரைக்கும் நாம் கடையில் கேட்டு வாங்கும் க்ரீம்களில் பலவற்றில் பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவினால் முயல் நக்கும். கண் சிவந்திருக்கிறது என்று வீட்டில் கிடந்த கண் சொட்டு மருந்தை விடுபவர்களும் உண்டு. அதில் டெக்சாமெத்தசோன் இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்துவிட்டால் கண்ணே போய்விடும்.

சொறி, சிரங்கு, தெள்ளுப்பூச்சி

நம் ஊர் முயல்களில் நான் அதிகம் பார்த்த நோய் சொறி. மூக்கின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியதுபோல வெள்ளையாகத் தொடங்கும். பிறகு உதடு, காது ஓரம், நகங்களைச் சுற்றி என்று பரவி, பாதம் தடித்துப் பட்டைபட்டையாக வரும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருப்பதால் வருவது இது. காதுக்குள் வரும் சிரங்கு வேறு வகை உண்ணியால் வருவது. காதைத் திருப்பிப் பார்த்தால் நொறுங்கிய அப்பளத்தை அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். அந்த அடுக்கைப் பிய்க்கக்கூடாது. அடியில் பச்சைப் புண். மருந்து உள்ளே போனதும் அது தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. மருத்துவர் ஐவர்மெக்டின் ஊசி போடுவார், பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் திரும்பவும் போடுவார். முதல் ஊசியிலேயே பளிச்சென்று ஆகிவிடும், நாம் அடுத்த ஊசிக்குப் போகமாட்டோம். முட்டையாக இருந்தவை அதற்குள் பொரித்துவிடும், சொறி திரும்ப வரும். போட்டு முடித்துவிடுங்கள். கூண்டையும் அந்த நாட்களில் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். உங்கள் கையில் சிவப்பாக அரிப்பு வந்தால் ஆச்சரியப்படவேண்டாம், அதே உண்ணிதான். முயலுக்குச் சரியானால் பெரும்பாலும் உங்களுக்கும் சரியாகிவிடும்.

வேப்பெண்ணெய் தடவலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் தடவிப் பார்த்தவள்தான். முயல் ராத்திரி முழுக்க அதை நக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் முடி பிசுபிசுத்துக் கிடந்தது, சாப்பாடு பாதியாகக் குறைந்தது, உண்ணி அங்கேயே இருந்தது. தோலுக்குள் வளை தோண்டியவனை மேலே தடவும் எண்ணெய் எட்டாது. குளிப்பாட்டுவதும் வேண்டாம். நனைந்த முயல் குளிரிலும் பயத்திலுமே விழுந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் இன்னொரு கொலைகார மருந்தைச் சொல்லியாகவேண்டும். நாய்க்கும் பூனைக்கும் உண்ணி, தெள்ளுப்பூச்சி போகக் கழுத்தில் ஊற்றும் சொட்டு மருந்துகளில் பல ஃபிப்ரோனில் கலந்தவை. முயலுக்கு அது விஷம். ஊற்றி ஓரிரு நாளிலோ அதற்குப் பிறகோ சோர்வு, சாப்பிடாமை, வலிப்பு என்று போய் உயிரே போகும். குட்டிகள்தான் முதலில் விழும். இதைச் சொன்னால், “நாய்க்கே ஒண்ணும் ஆகலை, முயலுக்கு என்ன ஆகப்போகுது” என்று வாதாடும் கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பவர்களிடம் பேசிப் பயனில்லை. பெட்டியைத் திருப்பி மூலப்பொருளைப் படித்துவிட்டு, வாங்காமல் வந்துவிடுங்கள். பெர்மெத்ரின் பவுடரும் வேண்டாம். முயலுக்கு ஒத்துக்கொள்ளும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. செலமெக்டின் அப்படி ஒன்று. எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பாட்டை நிறுத்திவிட்டால்

முயல் வளர்ப்பவர் ஒரே ஒரு நோயைப் பற்றித்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்கவேண்டும். குடல் நின்றுபோவது.

நமக்குக் குடல் ஒரு நாள் ஓய்வெடுத்தால் நல்லது. ஏகாதசி விரதம் அதற்குத்தானே. முயலுக்குக் குடல் ஓயக்கூடாது. நார் உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் அது நகரும். வலி, பயம், வெயில், பல் கோளாறு, திடீர் உணவு மாற்றம், கூட இருந்த முயலின் சாவு என்று எந்தக் காரணத்தாலாவது சாப்பாடு குறைந்தால் குடல் மெதுவாகும். மெதுவானால் உள்ளே வாயு சேரும். வாயு வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. இப்படியே சுற்றிச்சுற்றி வந்து ஓரிரு நாளில் முடிந்துவிடும். முயலால் வாந்தியும் எடுக்க முடியாது, உள்ளே போனது அந்த வழியாகத் திரும்பாது.

எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் கவலைப்படுங்கள். பன்னிரண்டு மணி நேரம் புழுக்கை இல்லையென்றால் அது அவசர சிகிச்சை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. முயல் முதுகைக் குவித்து உட்கார்ந்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும், பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக்கொடுத்தால் சுகமாகப் பல்லை மெல்லத் தட்டுவது வேறு. அது மென்மையான சத்தம். இது அரைக்கிற சத்தம், ஒருமுறை கேட்டால் மறக்காது. காதைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் உடனே கிளம்புங்கள்.

மருத்துவர் முதலில் செய்வது வலியைக் குறைப்பது, தோலுக்கடியில் நீர் ஏற்றுவது, உடம்பைச் சூடாக வைப்பது. பிறகு தேவைப்பட்டால் குடலை நகர்த்தும் மருந்து, சிரிஞ்சில் நார்ச்சத்துக் கூழ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சில சமயம் குடல் மெதுவாகியிருக்காது. முடிக்கட்டியோ கம்பளத் துணுக்கோ குறுக்கே அடைத்திருக்கும். அப்படி அடைத்திருந்தால் நேற்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்ட முயல் இன்று காலை திடீரென்று சுருண்டிருக்கும், வயிறு மேளம் மாதிரி இறுகியிருக்கும். அந்த வயிற்றுக்குள் கூழைத் திணித்தாலோ, குடலை முடுக்கும் மருந்தைக் கொடுத்தாலோ வயிறு வெடிக்கும் அளவுக்குப் போகலாம். மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பார். சிலர் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். அடைப்பு இருக்கும் முயலுக்கு ரத்தச் சர்க்கரை மிக உயரே போயிருக்கும். வயிறு இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டில் கூழ் ஊட்டத் தொடங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கிளம்பும் வரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். காது ஜில்லென்றிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் பிடித்த புல்லையும் கொத்தமல்லித் தழையையும் மூக்குக்கு முன்னால் போடுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், பாட்டிலைவிட அதில் அதிகம் குடிக்கும். கிரைப் வாட்டர், ஓம வாட்டர், விளக்கெண்ணெய், தயிர் எதுவும் வேண்டாம். கைக்குழந்தையின் வாயுக்குக் கொடுக்கும் சிமெத்திகோன் சொட்டு குடலில் உறிஞ்சப்படுவதில்லை, அதனால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தியில் ஆறு மணி நேரம் காத்திருந்தால், அந்த ஆறு மணி நேரம்தான் கெடுதல்.

இத்தனைக்கும் பெரும்பாலும் அடிப்படைக் காரணம் தட்டில்தான் இருக்கிறது. பொம்மைப் படங்களைப் பார்த்து முயல் என்றால் கேரட் என்று நினைக்கிறோம். கேரட்டில் சர்க்கரை அதிகம். வாரத்துக்கு ஓரிரு துண்டு போதும். பிஸ்கட், சோறு, ரொட்டி பானைக்குள் போனால் தவறான புளிப்புதான். சாப்பாட்டில் பெரும்பகுதி புல்லாக இருக்கவேண்டும். அருகம்புல் பூக்கடையிலேயே கிடைக்கிறது. கிராமத்தில் இருந்தால் மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லைக் கேளுங்கள். குதிரை மசால் என்ற தீவனப் பயிரும் முருங்கைக்கீரையும் கால்சியம் மிகுந்தவை. முயல் சாப்பிடும் கால்சியத்தைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும் பிராணி. தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் மணல்போலச் சேரும்.

பல்லுக்கும் புல்தான் மருந்து. முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், முன்பல் வாரத்துக்கு 2 மி.மீ. போல. புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயவேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப்பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்தும். முயல் சாப்பாட்டைத் தேடி ஓடிவரும், முகர்ந்துவிட்டு வாயை வைக்காமல் திரும்பும், தாடை நனைந்திருக்கும். பல்லை நகவெட்டியால் வெட்டிவிடுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதீர்கள், பல் வேர்வரை பிளக்கும்.

சிரிஞ்சைப் பிடிக்கும் முறை

எழுதிக் கொடுத்த மருந்தை உள்ளே செலுத்துவது தனிக் கலை. ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்ச் நான்கு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய துண்டைத் தரையில் விரித்து, முயலை நடுவில் உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி இரண்டு பக்கமும் இறுக்கமாக மடித்துச் சுற்றுங்கள். தரையில்தான் உட்காரவேண்டும், மேசைமேல் வேண்டாம். முயலின் பின்னங்கால் உதைக்கு வலு அதிகம், முதுகெலும்போ மெல்லியது. காற்றில் உதைத்துத் தன் முதுகையே முறித்துக்கொண்ட முயல்கள் உண்டு. அதனால் தூக்கும்போது ஒரு கை எப்போதும் பின்பக்கத்தைத் தாங்கி இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்குவதைச் சொல்லவே வேண்டாம்.

முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறது. உதட்டின் ஓரமாக அந்த இடைவெளியில் சிரிஞ்ச் நுனியை நுழைத்து, 0.2 மி.லி. விட்டு, தாடை அசைகிறதா என்று பாருங்கள். மென்றால் அடுத்த 0.2. அவசரப்பட்டு ஒரேயடியாக அழுத்தினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மல்லாக்கப் போட்டுக் கொடுக்காதீர்கள். மல்லாந்த முயல் அசையாமல் கிடப்பதைப் பார்த்து ‘எவ்வளவு சமத்து’ என்பார்கள். பயத்தில் விறைத்துக் கிடக்கிறது அது.

இன்னும் சில

வெயிலைப் பற்றிக் கொஞ்சம். வீட்டில் வளர்ப்பது நம் காட்டில் ஓடும் முயலின் வகை இல்லை. நம் காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, அதைப் பிடித்து வளர்க்கக்கூடாது. நம் கூண்டில் இருப்பது ஸ்பெயின் பக்கத்துக் குழிமுயலின் வாரிசு. பகல் வெயிலில் மண்ணுக்கடியில் பதுங்கிக்கொள்ளும் சாதி. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் செம்மறியோடு முயலும் வளர்க்கிறார்கள், அந்தக் குளிர் அதற்கு ஒத்துப்போகிறது. கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கடியில் அதே முயல் என்ன செய்யும்? அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடமுடியும். உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும், அதைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், காது சிவந்து கொதித்தால், குளிர்ந்த நீரில் துணி நனைத்துக் காதைத் துடைத்து, மின்விசிறிக்கடியில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக்கூடாது.

சிறுநீர் செங்காவி நிறத்தில் போனால் ரத்தம் என்று அலறவேண்டாம். தின்ற இலைதழைகளின் நிறமி பெரும்பாலும் அப்படிப் போகும், ஓரிரு நாளில் மாறும். முக்கிமுக்கிச் சொட்டுச்சொட்டாகப் போனாலோ, வெளுத்த சிறுநீரில் சிவப்புத் திட்டுகள் தெரிந்தாலோ காட்டுங்கள். கம்பிவலைத் தரையில் நிற்கும் முயலுக்குக் குதிகாலில் புண் வரும், ஏனென்றால் நாய்போல மெத்தைப் பாதம் அதற்குக் கிடையாது. ஒரு பலகையையோ கோணிப்பையையோ போட்டாலே பாதி சரியாகும். தலை ஒருபக்கம் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தால் மூளையைத் தாக்கும் ஒரு நுண்ணுயிராகவோ உள்காதுச் சீழாகவோ இருக்கலாம். முதலாவதற்கு ஃபென்பெண்டசோல் 28 நாள் கொடுப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தலை சாய்ந்தபடியே நன்றாக வாழும் முயல்கள் இருக்கின்றன. தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கவேண்டும், அதற்குப் புழுக்கையைப் பரிசோதித்து மருந்து தருவார்கள். கருத்தடை செய்யாத பெண்முயலுக்கு நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். பின்பக்கம் அழுக்காக இருக்கும் முயலுக்கு மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டுப் புழுவைத்துவிடும். வாலைத் தூக்கித் தினமும் பாருங்கள்.

எந்த மருத்துவரிடம் போவது

முயல் நன்றாக இருக்கும்போதே தேடிவையுங்கள். நடு ராத்திரியில் தேட முடியாது. நல்ல கால்நடை மருத்துவர்கள் எல்லோருமே முயல் பார்த்துப் பழகியவர்களாக இருக்கமாட்டார்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை, கேட்பதில்தான் நாம் வெட்கப்படுகிறோம். போனில் ஒரே கேள்வி கேட்பேன்: “சார், ஆபரேஷனுக்கு முன்னால் முயலை எத்தனை மணி நேரம் பட்டினி போடணும்?” நாய்க்குச் சொல்வதுபோல ‘ராத்திரியில் இருந்து ஒண்ணும் கொடுக்காதீங்க’ என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். ‘பட்டினி வேண்டாம், புல்லையும் கொண்டுவந்துடுங்க’ என்பவர் நம் ஆள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு இருக்கும் மருத்துவமனைகளைக் கேட்டுப் பாருங்கள். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது; நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருக்கின்றன.

போகும்போது கூடையில் முயலோடு கொஞ்சம் புல், கடைசியாகக் கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள், காலண்டரில் குறித்த எடைகள், ஒரு சின்ன டப்பாவில் நேற்றைய புழுக்கையும் இன்றைய புழுக்கையும். டப்பாவில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள்.